பின்னறைக்கு எட்டாத சிக்னல்

மறுபடியும் சிவப்பு. பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்துகொண்டு, அணைந்துகூடத் தொலையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மணி பத்து ஐந்து. பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து சுபத்ரா மேடம் அழைப்பார், கூடவே சிட்னியில் பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் திரையில் வருவார்கள், நான் அவர்களுக்கு நாற்பது நிமிடம் தமிழ் சொல்லிக்கொடுத்துக் காட்ட வேண்டும். நன்றாக அமைந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. போன வாரம் இதே அறையில் இதே மேசையில் முருங்கைக்காய் அட்டையைத் தூக்கிப் பிடித்தபோதுதான் நெட் நின்றுபோனது. நின்றது எனக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் திரையில் வாயைத் திறந்தபடி நான் அசையாமல் இருந்திருக்கிறேன், இங்கே நான்பாட்டுக்கு முருங்கைக்காயை முடித்து, கத்தரிக்காயை முடித்து, வெண்டைக்காய்க்கு வந்துவிட்டேன். அந்தம்மா பிறகு போனில் கூப்பிட்டு, "நல்லாத்தான் சொல்லித்தர்றீங்க மேடம். ஆனா நெட் விட்டுப்போகாம இருக்கணும், அது ஒண்ணுதான் எங்க கண்டிஷன். இன்னொரு தடவை பார்ப்போம். அதுலயும் கட்டாச்சுன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துருவோம், தப்பா நினைக்காதீங்க" என்றார். உங்களை நான் எதற்கம்மா தப்பாக நினைக்கப் போகிறேன். தப்பாக நினைப்பதற்கு இந்த வீட்டுக்குள்ளேயே எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே அவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஞானசேகரன், பைபாஸ் ரோட்டில் டயர் கடை, உலகத்தில் உருள்கிற எல்லாவற்றையும் பற்றி அபிப்பிராயம் உள்ளவர். ரௌட்டரைக் கொஞ்சம் நடு வீட்டுக்குத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டேன். ஹாலில் டிவி அலமாரிக்கு மேலே இருக்கிறது, அங்கிருந்து பின்னறைக்கு வருவதற்குள் இரண்டு சுவர், ஒரு பீரோ, சமையலறை, எல்லாம் தாண்டி வர வேண்டும், வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடுகிறது. "அத நகட்டுனா ஒயரெல்லாம் மாத்தணும், செவத்துல ஓட்ட போடணும். விடு, நான் ஒண்ணு வாங்கியாறேன்" என்றவர் மறுநாள் இந்தச் சிவப்பு எரிகிற பெட்டியை வாங்கிவந்தார். சோப்பு டப்பா அளவு, இரண்டு கொம்பு. எக்ஸ்டெண்டர். இங்கே சுவரில் சொருகினால் அங்கிருந்து சிக்னலை வாங்கி எனக்குக் கொடுக்குமாம். அத்தை பார்த்துவிட்டு, "ஒனக்காக எம்புட்டுப் பாக்குறான் எம்மவன்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். எனக்குமே சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் வாங்கிவந்த மனிதர் ஐந்து நாளாக அதை டப்பாவை விட்டு எடுக்கவில்லை. இன்றைக்குப் போடுகிறேன், நாளைக்குப் போடுகிறேன். இன்று காலை வண்டியை எடுக்கும்போது, "ரெண்டு பட்டனையும் அமுக்கு, அதுவா சேந்துக்கிரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாஸ்வேர்டு போட்டாலும் சேரும் என்று டப்பாவுக்குள் இருந்த காகிதத்தில் இருக்கிறது. பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் ஆறு வருஷமாக நெட் இருக்கிறது, ஆறு வருஷமாக எனக்குப் பாஸ்வேர்டு தெரியாது, தெரியாது என்பதே இந்த நிமிஷம்தான் எனக்கு உறைக்கிறது. யார் போன் வாங்கினாலும் அவர்தான் வாங்கி, திரும்பி நின்று, அவரே தட்டித் தருவார். மகன் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன இந்தப் பழைய லேப்டாப்புக்கும் அப்படித்தான். பீரோச் சாவி என்னிடம், காஸ் புத்தகம் என்னிடம், அத்தையின் பிரஷர் மாத்திரை எத்தனை மணிக்கு என்பது என்னிடம், பாஸ்வேர்டு மட்டும் அவரிடம். நாலு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. எந்த லாரிக்காரனோடு டயரைத் தட்டிக்கொண்டிருக்கிறாரோ.

சரி, பொத்தான்தான். காகிதத்தில் படம் போட்டிருக்கிறது, ரௌட்டரின் பின்பக்கப் பொத்தானை அமுக்கிவிட்டு இரண்டு நிமிடத்துக்குள் எக்ஸ்டெண்டர் பொத்தானை அமுக்க வேண்டும். படத்தில் அமுக்குகிற விரலுக்கு நகப்பூச்செல்லாம் இருக்கிறது. அந்த விரல் அலமாரி உயரத்துக்கு எக்கி, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் துழாவி, கைக்குத் தட்டுப்பட்ட ஒரு புடைப்பை அமுக்கி, அப்புறம் ஹாலிலிருந்து சமையலறை வழியாகப் பின்னறைக்கு ஓடுவதை யாரும் படம் போடவில்லை. மூன்று முறை ஓடினேன். மூன்றாம் முறை அத்தை டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஏன் மங்கை, எங்கிட்டுப் போயி எங்கிட்டு வர்ற, தலை சுத்துது எனக்கு" என்றார்கள். உங்களுக்குத் தலை சுற்றுகிறது, சரி. டப்பாவில் போட்டிருந்த உதவி நம்பரைக் கூப்பிடலாம் என்றால் பின்னறையில் போன் சிக்னலும் கிடையாது, கொல்லைப் படிக்கட்டில் போய் நிற்க வேண்டும். நின்றேன். வெயில் முதுகில் ஏறுகிற வரைக்கும் பாட்டுப் போட்டார்கள், பிறகு ஒரு பெண் எடுத்தாள், என் பெயர் கேட்டாள், மங்கையர்க்கரசி என்றேன், ஊர் மதுரை, திருநகர் என்றேன், விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "வீட்டுல சார் யாராச்சும் இருக்காங்களா மேடம்? கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், அதான்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் படிக்கட்டிலேயே போட்டிருப்பேன். சார் இல்லை. சார் இருந்தால் நான் ஏனம்மா உன்னோடு பேசப்போகிறேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்து எட்டு வருஷம் பாடம் நடத்தியவள் நான், இரண்டு பொத்தானை அமுக்குவது எனக்கு டெக்னிக்கலா. அதையெல்லாம் சொல்லவில்லை. "இல்லைங்க, என்கிட்டயே சொல்லுங்க" என்றேன். நம்முடைய வாயைப் பாருங்கள், அவளுக்குப் போய் ஒரு 'ங்க'. முதலில் ரௌட்டருக்குப் பக்கத்திலேயே சொருகிச் சேர்த்துவிட்டு அப்புறம் அறைக்குக் கொண்டுபோகச் சொன்னாள். அது ஒன்றுதான் அவள் உருப்படியாகச் சொன்னது, அதைக் காகிதத்திலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மணி பத்து இருபத்தைந்து. எக்ஸ்டெண்டரைப் பிடுங்கி ஹாலுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும். இந்தப் பிளக் பாயிண்ட் மாமாவுக்காகப் போட்டது. அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனபோது, சளி உறிஞ்சுகிற மெஷினுக்கு இடுப்பு உயரத்தில் ஒன்று வேண்டும் என்று டாக்டர் சொல்லி, அன்றைக்கே எலெக்ட்ரீசியன் வந்து சுவரை உடைத்துப் போட்டான். சுவரில் ஓட்டை போடுவதற்கு அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாதுதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதும் அந்த வாரம்தான். "கொஞ்ச நாளைக்கு" என்றார் இவர். கொஞ்ச நாள் பத்து வருஷம் இருந்தது. மாமா போய் நாலு வருஷமாகிறது, இன்னும் இந்த அறையில் அந்தத் தைலமும் டெட்டாலும் கலந்த வாடை சுவருக்குள் இருக்கிறது, மழை பெய்தால் வெளியே வரும். ஹாலில் கட்டில் போட்டால் வருகிறவர்கள் போகிறவர்கள் பார்ப்பார்கள் என்று அவரை இங்கே கொண்டுவந்தார்கள். அத்தை வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்து, "சாப்ட்டாரா" என்று என்னிடம் கேட்பார்கள், அவரிடம் அல்ல. பேச்சு வராவிட்டாலும் அந்த மனுஷனுக்குக் காது கேட்கும். அவருக்குக் காது கேட்கும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். அவர் போன பிறகு கட்டிலை எடுத்துவிட்டு அரிசி டிரம்மை வைத்தார்கள், ஓடாத பழைய கிரைண்டரை வைத்தார்கள், பண்டிகைப் பாத்திரம், கிழிந்த சூட்கேஸ். நான் வேலைக்கு முயற்சி பண்ணப்போகிறேன் என்றதும் அரிசி டிரம்மை நகர்த்தி மேசை போட்டுக் கொடுத்தார்கள். இந்த வீட்டில் எதை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் பின்னறையில் வைப்பார்கள். நான் எவ்வளவு சந்தோஷமாக அந்த மேசைக்கு விரிப்பு தைத்தேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. நினைத்துக்கொண்டு நின்றதில் ஐந்து நிமிஷம் போய்விட்டது.

ஹாலில் பாயிண்ட் எதுவும் காலி இல்லை. டிவி, அதன் பெட்டி, ரௌட்டர், நாலாவதில் முருகன் படத்தின் சீரியல் விளக்கு. விளக்கைப் பிடுங்கினேன். "சாமி வெளக்க ஏன்டி அமத்துற, வெள்ளிக்கெழமையும் அதுவுமா?" என்றார்கள் அத்தை. "அஞ்சு நிமிசம் அத்தே, சாமி கோவிச்சுக்கிறாது" என்றேன். கோபித்துக்கொண்டாலும் எனக்கு நேரமில்லை. எக்ஸ்டெண்டரைச் சொருகி, எக்கி அந்தப் புடைப்பை அமுக்கி, இதை அமுக்கி, நின்று பார்த்தால் அதே சிவப்பு. ஒருவேளை ரௌட்டரே செத்துக் கிடக்கிறதோ. டிவி டிஷ்ஷில் ஓடுகிறது, அதை வைத்துச் சொல்ல முடியாது. லேப்டாப்பை எடுத்துவந்து டீப்பாயில் வைத்துத் திறந்தேன். சிக்னல் முழுசாக இருக்கிறது, சிட்னி வரைக்கும் போகும். அப்படியென்றால் என்னதான் கேடு. ஸ்டூலைப் போட்டு ஏறி ரௌட்டரைக் கையில் எடுத்துத் திருப்பினேன். திருப்பிப் பார்த்துவிட்டு ஸ்டூலிலேயே நின்றேன். பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம். சந்தனத்துக்கு நடுவில் குங்குமம். ஆயுத பூஜைப் பொட்டு, ஒரு வருஷத்துப் பொட்டில்லை, மூன்று நாலு வருஷத்துப் பொட்டு, ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து சிமெண்டு மாதிரி இறுகி, பொத்தானை உள்ளே தள்ளி அப்படியே பூட்டியிருக்கிறது. நான் காலையிலிருந்து அமுக்கிக்கொண்டிருந்தது அதைத்தான். வைத்தது யார். நான்தான். முன்பக்கம் விளக்குகள் இருக்கின்றனவே, மறைத்தால் எதுவும் ஆகிவிடுமோ என்று யோசித்து யோசித்துத் திருப்பி, பின்னால் வட்டமாக, மேடாக, பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல் ஓர் இடம் இருக்கிறதே என்று அதிலேயே பார்த்துப் பார்த்து வைத்தேன், பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், நன்றாக ஒட்டட்டும் என்று அழுத்தி வேறு வைத்தேன். வருஷா வருஷம்.

காலையிலிருந்து எல்லார் மேலும் ஏறிக்கொண்டிருந்த கோபம் ஒரு நிமிஷம் என்மேல் வந்து இறங்கப் பார்த்தது. இறங்க விடவில்லை. எதற்கு விட வேண்டும். மிக்ஸிக்கு, கிரைண்டருக்கு, அரிவாள்மணைக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு, அவர் வண்டிக்கு, கடைச் சாவிக்கு, இந்த வீட்டில் வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் வருஷத்துக்கு ஒரு நாள் பொட்டு வைப்பது என் கைதான். எல்லாம் முடித்துக் கிண்ணத்தில் மிச்சம் இருக்கிற சந்தனத்தை என் எந்தச் சாமானுக்கு வைப்பது என்று ஒரு வருஷம் தேடிப் பார்த்திருக்கிறேன். எனக்கென்று ஒரு சாமானும் இல்லை. என் பி.எட். சான்றிதழ் பீரோவின் அடித்தட்டில் புடவைக்குக் கீழே கிடந்தது, அதற்கு வைத்தால் கறையாகிவிடும் என்று விட்டுவிட்டேன். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, நின்றபடியே சுரண்டினேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது, குங்குமம் நகத்துக்குள் போனது, அத்தை வாய்க்குள் ஏதோ சொன்னார்கள். பொத்தான் தெரிந்தது. உள்ளே போன பொத்தான் உள்ளேயே இருந்தது. ஊக்கால் நெம்பினேன், தட்டினேன், ஊதினேன். வெளியே வரவில்லை. மணி பத்து நாற்பத்தாறு.

அப்போதுதான் அவர் போன். "எதுக்கு நாலு வாட்டி அடிச்சிருக்க? அம்மாவுக்கு எதுவுமா?" அம்மாவுக்கு ஒன்றுமில்லை, பாஸ்வேர்டு வேண்டும் என்றேன். "பட்டன அமுக்குனாப் போதும்னு சொன்னேன்ல." பட்டன் போய்விட்டது என்றேன். "போச்சா? என்ன பண்ண அத? நீ ஒண்ணும் நோண்டாத மங்கை, சாயங்காலம் நான் வந்து போட்டுத் தர்றேன்." "பதினோரு மணிக்குக் கிளாஸ்ங்க." "நாளைக்கு வச்சுக்கலாம்னு அவங்ககிட்டச் சொல்லு. இதென்ன கலெக்டர் பரீட்சையா?" "பாஸ்வேர்டச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்." பின்னால் யாரோ டியூப் கேட்கிறார்கள், அதற்கு விலை சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். "அது நீளம்மா. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பரெல்லாம் மாறி மாறி வரும். போன்ல சொன்னா ஒனக்குக் கொழம்பும்." குழம்பும். எனக்குக் குழம்பும். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, பாசமாகத்தான் சொன்னார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இந்த மனுஷனின் அப்பாவுக்கு மூக்கில் குழாய் வழியாக எத்தனை மில்லி கஞ்சி, எத்தனை மில்லி தண்ணீர், எந்த மருந்துக்கு முன்னால் எந்த மருந்து என்று பத்து வருஷம் எனக்குக் குழம்பாமல் இருந்தது. போனை வைத்துவிட்டேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்தேன், கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை.

வைத்த கையோடு சுபத்ரா மேடத்துக்கு எழுத லேப்டாப்பை இழுத்தேன். மன்னிக்கவும் மேடம், எங்கள் வீட்டில் நெட், என்று தட்டிவிட்டு நின்றேன். எங்கள் வீட்டில் நெட் என்ன. மூலையில் சிக்னல் முழுசாக நிற்கிறது. கால் மணி நேரமாக இது எனக்கு இரண்டடி தூரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, நான் இதைப் பின்னறைக்குக் கொண்டுபோக வழி தேடி ஓடிக்கொண்டிருக்கிறேன். ஹாலில் உட்காரலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை, அத்தைக்குத் தோன்றவில்லை, சரி, அவர்களுக்கு ஏன் தோன்ற வேண்டும். எனக்கே தோன்றவில்லையே. பின்னறை என்று யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை, மேசை போட்டார்கள், நானே போய் உட்கார்ந்தேன், விரிப்பும் தைத்துப் போட்டேன். அந்த உதவி நம்பர்ப் பெண்ணின் மேல் வந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. தட்டியதை அழித்தேன். பின்னறைக்குப் போய் அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தேன், மூக்குக் கண்ணாடி, தண்ணீர்ச் செம்பு. அவர் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற கைவைத்த நாற்காலியை டீப்பாய்க்கு முன்னால் இழுத்துப் போட்டேன், தரையில் கிரீச்சென்றது. எக்ஸ்டெண்டரைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு முருகன் விளக்கைச் சொருகினேன். மணி பத்து ஐம்பத்தாறு.

"அத்தே, டிவிய அமத்துங்க." அவர்கள் காது கேட்காததுபோல் இருந்தார்கள். நாடகத்தில் யாரோ யாரையோ வீட்டை விட்டுப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அத்தே." இப்போது திரும்பினார்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள், மடியில் இருந்த காய்கறிப் படங்களைப் பார்த்தார்கள், சந்தனப் பொடி படிந்திருந்த என் புடவையைப் பார்த்தார்கள். இவ்வளவு கோபத்துக்கும் நடுவில் பயம் எங்கிருந்துதான் வருகிறதோ. "இங்கனயா பாடம் நடத்தப் போற?" "இங்கனதான்." "உள்ள மேச போட்டுக் குடுத்துருக்குல்ல?" "அங்க சிக்னல் வரலத்தே." அவர்கள் கொஞ்ச நேரம் ரிமோட்டைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்கள், பிறகு அமுக்கினார்கள். ஹால் அமைதியாயிற்று, தெருவில் காய்கறி வண்டிக்காரன் போகிற சத்தம் கேட்டது. "எம்புட்டு நேரம்?" "நாப்பது நிமிசம்." "சரி, இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான." லேப்டாப் மணியடிக்க ஆரம்பித்தது, திரையில் சுபத்ரா மேடத்தின் பெயர் வந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அத்தை எழுந்து உள்ளே போய்விடுவார்கள், வாய் அதற்குத் தயாராகத் திறந்தும்விட்டது. மணி இரண்டாம் முறை அடித்தது.

"இல்லத்தே," என்றேன். "தினமும்."